ஃபைபர் பாடி கிட் காரில் கதவு, பானெட், டிக்கி இடைவெளியைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

கிட் காரின், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் காரின், ஃபைபர் பாடியைச் சேஸிஸ் மேல் முதன்முதலாக இறக்கி வைக்கும் அன்று எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். கதவின் முன் ஓரத்தில் 2 மி.மீ. இடைவெளி, பின் ஓரத்தில் 9. பானெட்டின் ஒரு மூலை விரல் தடிமனுக்கு எழும்பி நிற்கும். டிக்கி மூடி ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, மறுபக்கம் துருத்திக்கொண்டிருக்கும். உடனே கை கிரைண்டரைத் தேடும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஒரு கோப்ரா ரெப்ளிகாவை (1960களின் ஏ.சி. கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) என் கராஜில் கட்டினேன். பிறகு நண்பர்களின் இரண்டு கார்களுக்கும் கைகொடுத்தேன். என் காரில், எஞ்சின் ஏற்றுவதற்கு முன்பே இடது கதவின் பின் மேல் மூலையைத் தேய்த்து 4 மி.மீ. கொண்டுவந்துவிட்டேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏறி, பாடி போல்ட்டெல்லாம் இறுகியதும் அதே இடம் 8 மி.மீ. ஆகிவிட்டது. பத்து நிமிடத்தில் தேய்த்ததைத் திரும்பக் கட்ட இரண்டு வார இறுதிகள் போயின.

அதிலிருந்து நான் மீறாத வரிசை இது: முதலில் நகர்த்து. நகர்த்தியும் சரியாகாததை வளை. வளைத்தும் வராததைத் தேய், அல்லது ஃபைபர் வைத்துக் கட்டு. பட்டி கடைசியில். நகர்த்தியதை நட்டைத் தளர்த்தித் திருப்பிவிடலாம். தேய்த்ததைத் திருப்ப முடியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளக்க: ரசமட்டம், தூக்குக்குண்டு, வெர்னியர், 3, 4, 5 மி.மீ. டைல்ஸ் ஸ்பேசர் ஒவ்வொரு பை. தரையில் டைல்ஸ் பதிக்கும்போது இடையில் சொருகுவார்களே, அதே பிளாஸ்டிக் துண்டுதான். கதவைச் சுற்றிலும் சொருகிவிட்டால் கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும்.

நகர்த்த: 1 மி.மீ., 2 மி.மீ. தகடு வாஷர்கள், அகலமான வாஷர்கள், ரப்பர் பட்டைகள், க்ளாம்ப், ராட்செட் பெல்ட், மரக்கட்டைகள்.

கட்ட: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட், பாலியெஸ்டர் ரெசின், ஹார்டனர், இழை கலந்த ஃபைபர் பட்டி, சாதாரண பாடி பட்டி, பழுப்பு பேக்கிங் டேப், அசிட்டோன், கிராம் காட்டும் தராசு. மேட்டுக்கு எபாக்ஸி ரெசினை வாங்காதீர்கள். சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. எபாக்ஸிதான் வேண்டுமென்றால் நெய்த துணி வாங்குங்கள். இன்னொன்று: பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஒரு இடத்தில் எபாக்ஸியில் தொடங்கினால் அந்த இடத்தை எபாக்ஸியிலேயே முடிக்க வேண்டும்.

உடம்புக்கு: தூசிக்கும் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டும் முகமூடி, மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை. கண்ணாடி இழைத் தூசியில் ஒரு நாள் அரைக்கைச் சட்டையோடு நின்றவர் மறுநாளும் அப்படி நிற்கமாட்டார். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். உங்கள் ரெசினுக்கு கோபால்ட் (ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் திரவம்) தனியாக வந்தால் அதை ஹார்டனரோடு நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர்.

2. புது பாடியை ஆற விடுங்கள்

அச்சிலிருந்து எடுத்த பாலியெஸ்டர் வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அந்த நாட்களில் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும்.

அதனால் கதவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பானெட்டைத் தரையில் போடாதீர்கள். எல்லாவற்றையும் தற்காலிகமாகவாவது காரில் மாட்டி, மூடி, டேப் ஒட்டி நிறுத்துங்கள். வெயில் கிடைத்தால் காரை வெளியே தள்ளுங்கள், சூட்டில் சீக்கிரம் இறுகும். நண்பர் ஒருவர் குளிர்காலம் முழுவதும் பானெட்டைப் பரணில் இரண்டு கட்டைகளின் மேல் வைத்திருந்தார். வசந்தத்தில் அது தொட்டில்போலக் குழிந்து இறங்கியது.

3. காரை அதன் சொந்த எடையில் நிறுத்துங்கள்

எஞ்சின், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க், சக்கரங்கள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். டேங்க் காலியாக இருந்தால் அந்த எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். ஸ்டாண்டில் ஏற்றி வைத்து அளப்பது வீண்வேலை. ஸ்டாண்ட் தாங்கும் இடம் வேறு, சஸ்பென்ஷன் தாங்கும் இடம் வேறு. கூரையில்லாத காரின் சேஸிஸ் ஓரிரண்டு மில்லிமீட்டர் வளைந்தாலே கதவு இடைவெளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தரை சமமில்லை என்றால் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து, சேஸிஸின் நான்கு மூலையிலும் ரசமட்டம் பாருங்கள்.

4. பாடியைச் சேஸிஸில் உட்கார வையுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஆர்வக்கோளாறில் எல்லோரும் தாண்டிப்போகும் படியும் இதுதான்.

எல்லா பாடி போல்ட்டையும் தளர்த்துங்கள். பாடியின் நடுக்கோட்டையும் சேஸிஸின் நடுக்கோட்டையும் தூக்குக்குண்டு விட்டு ஒத்துப்பாருங்கள். பிறகு ஒவ்வொரு போல்ட் இடத்திலும் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறதென்று பாருங்கள். 3 மி.மீ. இருந்தால் 3 மி.மீ. தகடு வையுங்கள். போல்ட்டை முறுக்கிப் பாடியைக் கீழே இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் அந்த இழுவை போய்க் கதவு ஓரத்தில்தான் தெரியும். சில மாதம் கழித்து போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட்டில், அதாவது பாடியின் வெளி ரெசின் பூச்சில், நட்சத்திர விரிசல் விழும்.

கதவு வாயை எப்படிப் படிப்பது? இரண்டு ஓரத்திலும் மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் பாடியின் நடு தொய்ந்திருக்கிறது. கதவுக்குக் கீழே உள்ள போல்ட்டுகளில் 1 மி.மீ. தகடு சேர்த்துத் தூக்குங்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால் முன்னும் பின்னும் இறங்கியிருக்கிறது, அந்த முனைகளைத் தூக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

போல்ட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, அகலமான வாஷரும் ரப்பரும் போடுங்கள். ரப்பர் அமுங்கும் என்பதால், இறுக்கி ஒரு நாள் கழித்து மறுபடி அளங்கள்.

5. அளந்து, காரிலேயே எழுதுங்கள்

கதவு, பானெட், டிக்கி ஓரமெங்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு எண் எழுத வேண்டும்: ஒன்று இடைவெளி, இன்னொன்று ஏற்ற இறக்கம். பேனல் பக்கத்து பேனலைவிட வெளியே நின்றால் கூட்டல் குறி, உள்ளே நின்றால் கழித்தல்.

புதியவர்கள் இடைவெளியை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணில் முதலில் படுவது ஏற்ற இறக்கம்தான், வெளிச்சம் அங்கே உடையும்.

என் இலக்கு பெயின்ட்டுக்கு முன் 5 மி.மீ. பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு ஓரத்துக்கு 0.2 மி.மீ. அளவு ஏறும், இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து சுமார் 0.4. கடைசியில் நாலரை நிற்கும். 3 மி.மீ.க்குக் கீழே ஆசைப்படாதீர்கள். திருப்பத்தில் சேஸிஸ் முறுக்கும்போது ஓரங்கள் உரசிப் பெயின்ட் உதிரும். எங்கும் 5 என்பது பார்க்க அழகு. ஒரு பக்கம் 3, ஒரு பக்கம் 5 என்பது கோணல்.

6. கதவு

மூன்றில் கதவுதான் முதலில். பானெட்டையும் டிக்கியையும் பிறகு கதவை ஒட்டி நகர்த்திக்கொள்ளலாம். கதவுக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் பீடிங் ரப்பரை, அதாவது கதவு வாயைச் சுற்றி வரும் ரப்பரை, மாட்டுங்கள். ஆம், பெயின்ட்டுக்கு முன்பே. ரப்பர் இல்லாமல் பளிச்சென்று உட்காரும் கதவு, ரப்பர் போட்டதும் 3, 4 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கிழிந்தால் ரப்பர் தடிமன் அதிகம், ரப்பரை மாற்றுங்கள். அதற்காகக் கதவைத் தேய்க்க வேண்டாம்.

அடுத்து லாக்கைக் கழற்றிவிட்டு கீலை மட்டும் சரிசெய்யுங்கள். லாக் இருந்தால் அது கதவை இழுத்துப் பிடித்துப் பொய் சொல்லும். கீலில் சின்ன தகடு பெரிய மாற்றம் தரும். இரண்டு கீலுக்கும் நடுவே 20 செ.மீ., கதவு நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கீலுக்குப் பின்னால் 1 மி.மீ. தகடு வைத்துக் கதவைப் பின்பக்கம் தள்ளினால், கதவின் பின் முனை 3 மி.மீ. மேலே எழும். பின்பக்கம் தொங்கும் கதவுக்கு இதுதான் மருந்து. மேல்க் கீலில் வைத்தால் அதே அளவு இறங்கும்.

முறுக்கிய கதவு இன்னொரு தலைவலி. பின் கீழ் மூலை வெளியே, பின் மேல் மூலை உள்ளே. கீழ்க் கீலை 1 மி.மீ. உள்ளே நகர்த்துங்கள். 40 செ.மீ. உயரக் கதவில் மேலுக்கும் கீழுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் திரும்பும். அந்தக் கணக்கில் முன் கீழ் மூலையும் கொஞ்சம் உள்ளே போகும். பிழையை இரண்டு மூலைக்கும் பாதி பாதியாகப் பங்கு போடுங்கள். மிச்சமிருக்கும் 1 மி.மீ. பட்டியில் மறையும்.

இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் தளர்த்தவே தளர்த்தாதீர்கள். கதவு இறங்கி உட்காரும், முந்தைய இடம் எதுவென்று தெரியாமல் போகும். கீல் சரியானதும் ஒரு துளை போட்டு ஊசி சொருகி இடத்தைக் குறித்துவிடுங்கள். பெயின்ட்டுக்குக் கழற்றி மாட்டும்போது அந்த ஊசி உங்களைக் காப்பாற்றும். கடைசியில்தான் லாக்கும், அது போய்ப் பிடிக்கும் பாடிப் பக்கத்து ஸ்ட்ரைக்கரும். ஸ்ட்ரைக்கர் கதவை உள்ளே இழுக்க மட்டும்தான். மூடும்போது கதவு மேலே தூக்கினாலோ கீழே அமுங்கினாலோ ஸ்ட்ரைக்கர் உயரம் தப்பு.

7. பானெட்டும் டிக்கியும்

கோப்ராவில் பானெட் கீல் முன்னால், டி-கைப்பிடி இரண்டும் பின் மூலைகளில். எழும்பி நிற்கும் பின் மூலையை டி-கைப்பிடியால் இழுத்துப் பூட்டிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். பூட்டலாம்தான். அந்த விசை நாள்தோறும் நின்று, எஞ்சின் சூட்டோடு சேர்ந்து, பானெட்டின் நடுவைப் புடைக்க வைக்கும். பூட்டாத நிலையிலேயே ரப்பர் குமிழ்கள் மேல் நான்கு மூலையும் சும்மா உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

டிக்கிக்கும் இதே கதைதான்.

8. நகர்த்தியும் வராததை வளைப்பது

தேய்ப்பதற்கு முன் பேனலின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். உள்சட்டம் முறுக்கியிருந்தால் வெளித்தோலும் அதன் பின்னால்தான் போகும்.

சின்ன வளைவுக்குச் சூடு போதும். 60 முதல் 70 டிகிரியில் சாதாரண பாலியெஸ்டர் இளகும். பேனலைக் காரில் மூடி, பெல்ட்டாலும் கட்டையாலும் வேண்டிய வடிவத்தைவிட ஒரு சுண்டு அதிகமாக வளைத்துக் கட்டி, ஹாட் கன்னை அசைத்துக்கொண்டே சூடேற்றுங்கள். லேசர் வெப்பமானி கையில் இருக்கட்டும். ஒரே இடத்தில் நின்றால் ஜெல்கோட் கொப்பளிக்கும். முழுதாக ஆறும்வரை கட்டை எடுக்காதீர்கள்.

சூடு மட்டும் நம்பத்தக்கதல்ல. கருநீலப் பெயின்ட் அடித்த பானெட் ஆகஸ்ட் வெயிலில் அதே சூட்டைத் தொடும், பழைய வடிவத்துக்கு நழுவும். அதனால் 3 மி.மீ.க்கு மேற்பட்ட வளைவை வெட்டித்தான் பூட்ட வேண்டும். உள்சட்டத்தில் மட்டும், வெளித்தோலைத் தொடாமல், 5 செ.மீ.க்கு ஒன்றாக ரம்பத்தால் கீறல் போடுங்கள். சட்டம் தளர்ந்து பேனல் கைக்கு வளையும். சரியான நிலையில் கட்டி, ஸ்பேசர் சொருகி, கீறல்களின் மேல் மூன்று அடுக்கு மேட் வையுங்கள். இரண்டு நாள் கழித்து அவிழுங்கள். ஒரு நாளில் அவிழ்த்தால் பாதி திரும்பிவிடும், எனக்குத் திரும்பியது.

இது பட்டிக்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வைத்த ரெசின் சுருங்கும்போது முன்தோலை மெல்ல இழுக்கும், அந்தக் கோடு வெளியே தெரியும். பட்டி அதற்குப் பிறகு வந்தால் மறைக்கும். முன்பே வந்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும்.

9. ஓரத்தைத் தேய்ப்பதும் கட்டுவதும்

முதலில் மெழுகு. அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய மெழுகு பாடியின் மேல் இன்னும் இருக்கிறது. அசிட்டோன் அல்லது மெழுகு நீக்கியால் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துணியால் துடைத்த பிறகே உப்புத்தாள். மாற்றிச் செய்தால் தாள் மெழுகை உள்ளே தேய்த்து ஏற்றும். ஒரு வருடம் கழித்துப் பட்டி பத்தை பத்தையாக உரியும்.

தேய்க்கும் இடம் எளிது. மெல்லிய மரப்பட்டையின் இரு பக்கமும் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, தாளோடு சேர்த்து 5 மி.மீ. வருமாறு செய்யுங்கள். கதவை மூடி, இடைவெளிக்குள் விட்டு ரம்பம்போல இழுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாகவே தேயும். கிரைண்டரில் அந்த இணை வராது. தேய்க்கும் முன் ஓரத்தின் தடிமனைப் பாருங்கள். தோல் 3 மி.மீ.தான், நீங்கள் எடுக்க வேண்டியதும் அதே அளவு என்றால் முதலில் பின்னால் இரண்டு அடுக்கு மேட் வைத்துவிட்டுத் தேயுங்கள்.

கட்டும் இடம் இரண்டு வகை. 3 மி.மீ.க்கு மேல் கட்ட வேண்டுமென்றால் மேட்தான். 3 மி.மீ. தடிமன் ஓரத்தை உட்பக்கமாக 36 மி.மீ. நீளத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு. இணைப்பின் பலம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் பேக்கிங் டேப் சுற்றிய தகட்டைக் க்ளாம்ப் செய்து, உள்ளிருந்து மூன்று அடுக்கு மேட். டேப்பில் ரெசின் ஒட்டாது. 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆகும், அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஹார்டனர் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். கராஜ் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். குளிருக்கு ஈடாக ஹார்டனரைக் கூட்டுவது பதில் அல்ல, இறுகியதுபோலத் தெரியும், உள்ளே பச்சையாக இருக்கும்.

3 மி.மீ.க்குள் என்றால் இழை கலந்த பட்டி. சாதாரண பாடி பட்டியை ஓரத்தில் வைக்காதீர்கள், கதவு நாலு தடவை அறைந்தால் சில்லாகப் பெயரும். எதிர் ஓரத்தில் பேக்கிங் டேப் ஒட்டி, இந்த ஓரத்தில் பட்டியைத் தாராளமாக அப்பி, கதவை மெதுவாக மூடுங்கள். பட்டி எதிர் ஓரத்தின் வடிவத்தை அப்படியே பிடிக்கும்.

இனி அந்தப் பதம். தேங்காய் பர்பியைத் தட்டில் கொட்டி வில்லை போடும் நேரம் தெரியுமல்லவா? சீக்கிரம் வெட்டினால் கத்தியில் ஒட்டும், தாமதித்தால் பொடியும். இதுவும் அப்படித்தான். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், நகத்தில் ஒட்டக் கூடாது. 20 டிகிரியில் அது கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், அந்த நேரம் போன் எடுக்காதீர்கள். பதம் வந்ததும் கதவைத் திறந்து, கூரான கத்தியால் பிதுங்கியதைச் சீவுங்கள். சீவல் சுருளாக வரும். பத்து நிமிடம் தவறவிட்டால் அதே இடத்தில் ஒரு மணி நேரம் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். முழுதாக இறுகியபின் அந்த 5 மி.மீ. பட்டையை ஒருமுறை இழுத்து முடியுங்கள்.

10. மட்டம் பார்த்துப் பட்டி

பேனல்களைக் கழற்றாமல், காரில் மூடிய நிலையிலேயே பட்டி போடுங்கள். நீளமான தேய்ப்புப் பலகையைக் கதவிலிருந்து ஃபெண்டர் வரை, இடைவெளியைத் தாண்டியே, குறுக்காக இழுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு, சேரும் இடத்தில் பள்ளம் விழும். மேலே கறுப்புப் பெயின்ட்டை மெலிதாகத் தூவித் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கும். அங்கே மட்டும் மறுபடி போடுங்கள்.

2, 3 மி.மீ.க்கு மேல் பட்டி கேட்கும் இடம் என்றால் 4ஆம் படிக்கோ 8ஆம் படிக்கோ திரும்பிப் போக வேண்டிய இடம்.

11. பெயின்ட்டுக்கு முன்

தேய்த்த ஓரங்களில் கண்ணாடி இழை திறந்து கிடக்கும், திரிபோல ஈரத்தை இழுக்கும். எபாக்ஸி பிரைமர் அடித்து மூடுங்கள். கூரான ஓரத்தில் பெயின்ட் நிற்காது, லேசாக உருட்டிவிடுங்கள். பிரிட்டனில் ஐ.வி.ஏ. சோதனைக்கு (தனி வாகனத்துக்கான ஒப்புதல் சோதனை) போகும் கார் என்றால் வெளியே துருத்தும் விளிம்புகள் அவர்களுக்கு முக்கியம். 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய விளிம்பு குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்தில் உருண்டிருக்க வேண்டும். அதை இப்போதே செய்துவிடுங்கள், பெயின்ட்டுக்குப் பிறகு செய்வது அழுகை.

கழற்றும்போது எந்தத் தகடு எந்தப் போல்ட்டில் இருந்தது என்று பையில் போட்டு எழுதி வையுங்கள். பெயின்ட் முடிந்து மாட்டி, முதல் 500 கி.மீ. ஓட்டியபின் பாடி போல்ட்டுகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ரப்பர் அமுங்கியிருக்கும், கதவின் பின் ஓரம் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதற்கும் கீலில் ஒரு தகடுதான்.